‘செலவில்லாமல் ஏதாவது செய்யுங்களேன்’ என்று உங்களிடம் ஒப்படைத்தால்

ஊழியர்களை உற்சாகமாக வைத்திருக்கும் பொறுப்பு பெரும்பாலும் யாரோ ஒருவர் தலையில் வந்து விழும். அவருக்கு ஏற்கெனவே ஒரு முழுநேர வேலை இருக்கும். பட்ஜெட் கிட்டத்தட்ட இருக்காது. மெயிலில் ‘எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்’ என்று தலைப்பு மட்டும் வரும். என்ன செய்ய வேண்டும், எதற்காக, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரு வரிகூட இருக்காது. இதைத் தனி ஆளாக இழுத்துக்கொண்டு திரிந்த நாட்களில், யாராவது முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆதங்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்ன வரிசையில் நடக்கும், எதில் காசு கரையும், எதில் நேரம் போகும், கடைசியில் எது தேறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு பெரிய நாள். மண்டபம், ஒரே நிறத்தில் டி-ஷர்ட், மைக், பரிசுகள். வருடத்துக்கென்று ஒதுக்கிய சின்னத் தொகையில் பெரும்பகுதி இந்த ஒரே நாளில் போய்விடும். அன்றைக்கு எல்லோரும் சிரிப்பார்கள், போட்டோக்கள் நன்றாக வரும். அடுத்த வேலை நாள் காலையில் பார்த்தால், பேசாதவர்கள் பேசாமலேயே இருப்பார்கள், முறைத்துக்கொண்டவர்கள் முறைத்துக்கொண்டே இருப்பார்கள். மீதிப் பதினோரு மாதத்துக்குக் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. பணம் போனதைவிட ‘இவ்வளவு செய்தும் ஒன்றும் மாறவில்லையே’ என்ற சலிப்புதான் ஆளைச் சாய்க்கும். கேலி செய்பவர்களும் இருப்பார்கள்: “இந்தக் காசுக்கு அந்த நாற்காலியை மாற்றியிருக்கலாம்.” கேட்க எரிச்சலாக இருந்தாலும் அந்த வாக்கியத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.

அதற்கு முன் ஒரு கணக்கு. செலவே இல்லாத நிகழ்ச்சி என்று ஒன்று கிடையாது. 60 பேரை 90 நிமிடம் உட்கார வைத்தால் 90 மணி நேர வேலை போகிறது. ஒரே ஆள் இரண்டு வாரத்துக்கு மேல் செய்யும் வேலை அது. அதே 60 பேருக்கு 15 நிமிடம் என்றால் 15 மணி நேரம். எதைத் திட்டமிட்டாலும் தாளின் மேல் மூலையில் இந்த எண்ணை எழுதிவிடுங்கள். மேலிடத்தில் அனுமதி கேட்கும்போதும் நீங்களே முந்திக்கொண்டு இதைச் சொல்லுங்கள். அவர்கள் கணக்குப் போட்டுக் கேட்பதற்கு முன் நீங்கள் சொன்னால் பேச்சின் தோரணையே மாறும். வேலை நேரம் வீணாகிறது என்று சொல்லி நிகழ்ச்சியை மாலை ஆறு மணிக்குத் தள்ளுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படித் தள்ளினால் செலவு குறையாது. நிறுவனத்தின் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாறும், அவ்வளவுதான். கைக்குழந்தை உள்ளவர், வயதான பெற்றோரைக் கவனிப்பவர், கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டியவர் எல்லாம் முதலில் கழன்றுகொள்வார்கள். பிறகு ‘அவருக்கு ஈடுபாடு இல்லை’ என்று அவர்களுக்கே பெயர் வரும். இன்னொன்று, வேலை நேரத்தில் நடத்தினாலும் போனை எடுக்க, கவுன்டரைப் பார்த்துக்கொள்ள யாராவது இருந்தாக வேண்டும். அது ஒவ்வொரு முறையும் அதே இரண்டு பேராக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. இந்த முறை யார் பொறுப்பில் நின்றார் என்று ஒரு பட்டியல் வைத்துச் சுழற்சியில் மாற்றுங்கள்.

சரி, அந்த நாற்காலி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் மனநிறைவு தருகிறவையும் அதிருப்தி தருகிறவையும் வெவ்வேறு வகை என்றார். சம்பளம், வேலை செய்யும் சூழல், விதிமுறைகள் போன்றவை சரியில்லாவிட்டால் ஆட்கள் கடுப்பாவார்கள். சரியாக இருந்தால் அதற்காக யாரும் குதூகலிக்க மாட்டார்கள். ஈடுபாடு வருவது வேலையின் தன்மை, சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவற்றிலிருந்து. அவருடைய ஆய்வு முறையைப் பற்றிப் பின்னாளில் நிறைய விமர்சனங்கள் வந்தன. ஆனால் இந்த வேலையைக் கையிலெடுப்பவருக்கு அதிலுள்ள பாடம் பட்டென்று புரியும்: உடைந்த நாற்காலியின் மேல் உட்கார வைத்து விளையாட்டு நடத்தினால் கோபம் இரட்டிப்பாகும்.

ஆகவே முதல் நடவடிக்கை விளையாட்டே அல்ல, தொல்லைப் பட்டியல். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: ‘எந்தச் சின்ன விஷயம் சரியானால் உங்கள் வேலை நாளைக்கே சுலபமாகும்?’ ‘உங்கள் பிரச்சினைகள் என்ன’ என்று பொதுவாகக் கேட்டால் சம்பளமும் பதவி உயர்வும்தான் வரும்; அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்காதீர்கள், வழக்கமாகப் பேசுபவரே பேசிக்கொண்டிருப்பார். 1-2-4 முறையில் கேளுங்கள். முதல் 1 நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும், பேச்சே கூடாது. அடுத்த 2 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட வேண்டும். அடுத்த 4 நிமிடம் இரண்டு ஜோடிகள் சேர்ந்து நால்வராகி, மிக முக்கியமான இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி 5 நிமிடத்தில் ஒவ்வொரு நால்வர் குழுவும் தன் இரண்டையும் வாசிக்க வேண்டும். மொத்தமே 12 நிமிடம். தேவையானது தாள், பேனா, கைப்பேசியில் ஒரு டைமர். இதில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, ‘எழுத வேண்டாம், அப்படியே சொல்லுங்க’ என்று முதல் நிமிடத்தை விட்டுவிடுவது. அந்த ஒரு நிமிட மௌனம் இல்லாவிட்டால் மற்ற 11 நிமிடமும் வீண். இன்னொன்று, மேனேஜர் ஏதாவது ஒரு நால்வர் குழுவில் உட்காருவது. அந்தக் குழுவிலிருந்து ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்றுதான் வரும். அவரைக் கடைசி 5 நிமிடத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள்.

வந்த பட்டியலை அன்றைக்கே மூன்றாகப் பிரியுங்கள்: நாமே இந்த வாரம் செய்யக்கூடியது, அனுமதி வேண்டியது, இப்போது முடியாதது. முதல் வகையிலிருந்து மூன்றையாவது ஒரே வாரத்தில் முடித்துக் காட்டுங்கள். அவை எவ்வளவு அற்பமானவை என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும். உதாரணத்துக்கு, மீட்டிங் அறையில் லேப்டாப்பைத் திரையோடு இணைக்கும் அடாப்டர். யாரோ எடுத்துப் போயிருப்பார்கள்; ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பத்து நிமிடம் அதைத் தேடுவதிலேயே கழியும். எட்டு பேர் கூட்டம் என்றால் 80 நிமிடம் போச்சு. ஒரு மெல்லிய கயிற்றால் அடாப்டரை மேஜைக் காலோடு கட்டி, அறையின் பெயர் எழுதிய ஒரு அட்டையையும் தொங்க விட்டால் வேலை முடிந்தது. ‘கேட்டோம், நடந்தது’ என்ற எண்ணம் இதில்தான் வரும். எந்தப் பரிசளிப்பு விழாவிலும் வராது. மூன்றாவது வகையை மறைக்காதீர்கள். ‘இது முடியாது, காரணம் இது’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். முடியாது என்ற பதிலை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பதிலே வராததைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

இங்கேதான் ஆலோசனைப் பெட்டி என்ற பழைய சமாச்சாரம் உள்ளே வரும். 1898-லேயே கோடாக் நிறுவனத்தில் ஊழியர் ஆலோசனைத் திட்டம் இருந்தது. முதலில் பரிசு பெற்றது, வெளிச்சம் நன்றாக வர ஜன்னல்களைக் கழுவலாம் என்ற யோசனை. டொயோட்டா 1951-ல் தன் திட்டத்தைத் தொடங்கியது. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் நாம் வழக்கமாகப் பார்ப்பது, பூட்டுப் போட்டு, மேலே தூசி படிந்து, சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத பெட்டி. போட்ட சீட்டு எங்கே போனது என்று போட்டவருக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் பெட்டிக்குள் கேலிச் சீட்டுகள் மட்டும்தான் இருக்கும். பெட்டிக்குப் பதில் எல்லோர் கண்ணிலும் படும் பலகை வையுங்கள். நான்கு கட்டங்கள் போதும்: யோசனை, வந்த தேதி, யார் பொறுப்பு, இப்போது என்ன நிலை. பொறுப்பு என்ற கட்டத்தில் துறையின் பெயரை எழுதாதீர்கள், ஆளின் பெயரை எழுதுங்கள். வந்த ஏழு நாளுக்குள் நிலைக் கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும், ‘விசாரித்துக்கொண்டிருக்கிறோம்’ என்றாவது. பரிசை மிச்சமாகும் தொகையின் சதவீதமாக வைக்காதீர்கள். ‘இது என் யோசனை, அவர் திருடிவிட்டார்’ என்ற பஞ்சாயத்தைத் தீர்ப்பதிலேயே உங்கள் மாதம் போய்விடும். தொந்தரவு, பாகுபாடு போன்ற புகார்களை இந்தப் பலகைக்கு அருகிலேயே வர விடக் கூடாது. அதற்கு ரகசியம் காக்கும் தனி வழி வேண்டும், அது எங்கே இருக்கிறது என்பதைப் பலகையின் கீழே எழுதி வைத்துவிடுங்கள்.

யோசனைகள் தாமாக வராவிட்டால் 6-3-5 முறை நன்றாக எடுபடும். பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் 1968-ல் எழுதிய முறை இது. ஆறு பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கொரு தாள், ஒவ்வொரு தாளிலும் மூன்று பத்திகள், ஆறு வரிசைகள் என 18 கட்டங்கள். முதல் 5 நிமிடத்தில் ஒவ்வொருவரும் முதல் வரிசையில் மூன்று யோசனைகளை எழுத வேண்டும். பிறகு தாளை வலப்பக்கம் தள்ள வேண்டும். வந்த தாளில் இருப்பதை வாசித்து, அதை வளர்த்தோ புதிதாகவோ அடுத்த வரிசையில் மூன்று. இப்படி ஆறு சுற்று முடிந்தால் 30 நிமிடத்தில் 108 கட்டங்கள் நிறையும். திரும்பத் திரும்ப வருவதையும் உதவாததையும் கழித்தாலும் யோசிக்கத் தகுந்தவை கைநிறைய இருக்கும். கூச்ச சுபாவம் உள்ளவரின் யோசனையும் பேச்சாளரின் யோசனையும் இதில் சம எடையோடு வரும். கவனிக்க வேண்டியவை: பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், கிறுக்கினால் அடுத்தவருக்குப் புரியாமல் சங்கிலி அறுந்துவிடும். கேள்வியைக் குறுக்குங்கள். ‘ஆபீஸை எப்படி மேம்படுத்தலாம்’ என்று கேட்டால் வெறும் சுலோகங்கள் வரும். ‘புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மூன்று நாளை எப்படிச் சரிசெய்யலாம்’ என்றால் உருப்படியானது வரும். முடிந்ததும் ஆளுக்கு மூன்று ஓட்டு; பிடித்த யோசனையின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் ஒரு ஓட்டு. ஆனால் நேராகப் போய்ப் புள்ளி வைக்கச் சொன்னால், ஏற்கெனவே புள்ளி விழுந்த இடத்திலேயே எல்லோரும் வைப்பார்கள். தங்கள் மூன்று தேர்வுகளை முதலில் தனித் துண்டுச் சீட்டில் எழுதிவிட்டு, அதைப் பார்த்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து நன்றிச் சுவர். ஒட்டும் சீட்டுகளும் ஒரு காலிச் சுவரும் போதும் என்பதால் எல்லா ஆபீஸிலும் ஒரு முறையாவது முயன்று பார்ப்பார்கள். முதல் வாரம் சுவர் வண்ணமயமாக இருக்கும். மூன்றாவது வாரத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும்: கலகலப்பாகப் பேசும் நாலைந்து பேருக்கே சீட்டுகள் குவிந்திருக்கும், ராத்திரி ஷிப்ட்காரருக்கும் கணக்குப் பிரிவின் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒன்றுகூட இருக்காது. ஒருவரை உற்சாகப்படுத்த வைத்த சுவர், இன்னொருவருக்கு ‘நீ யாருக்கும் வேண்டாதவன்’ என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். சுவரையே கிழித்துவிடலாம் போல இருக்கும். கிழிக்க வேண்டாம், வடிவத்தை மாற்றுங்கள். சீட்டில் மூன்று வரி மட்டும்: என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் எனக்கு என்ன சுலபமானது. ‘அருமையான மனிதர்’ என்பது செல்லாது. ‘செவ்வாய்க்கிழமை சர்வர் நின்றபோது ஆர்டர்களைக் கையால் எழுதி வைத்தார், மறுநாள் எங்களுக்கு ஒன்றும் விட்டுப்போகவில்லை’ என்பது செல்லும். இப்படிக் கேட்டால் சீட்டுகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எடை கூடும். பின்னாலிருந்து வேலை செய்பவர்களின் பெயரும் மெல்ல வர ஆரம்பிக்கும். இரண்டு மாதமாக யார் பெயர் வரவில்லை என்று நீங்கள் மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். அவருக்காகப் பொய்ச்சீட்டு எழுதாதீர்கள். அவருடைய மேலாளரிடம் போய், ‘இந்த மாதம் இவர் என்ன செய்தார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். எல்லோர் முன்னும் பாராட்டப்படுவதை வெறுப்பவர்களும் உண்டு. ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொண்டால், அவர்களுக்கான சீட்டைக் கையில் கொடுத்துவிடலாம்.

சீட்டுகளை எண்ணி, அதிகம் வாங்கியவருக்குப் பரிசு தரலாமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். கூடவே கூடாது. 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தாமாக வரைவதில் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே செலவிட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஆபீஸிலும் இதன் சாயலைப் பார்க்கலாம். பரிசு என்றதும் நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன் என்று கொடுக்கல் வாங்கல் ஆரம்பித்துவிடும். ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ விருதுக்கும் இதே கதிதான். நான்கைந்து மாதத்தில் தகுதியானவர்கள் தீர்ந்ததும், இந்த முறை யார் முறை என்று வரிசை வைத்துக் கொடுக்க ஆரம்பிப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும், வாங்குபவர் உட்பட.

பிரிவுகளுக்குள் பேச்சே இல்லை என்றால் ஜோடிச் சந்திப்பு போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வேலை நேரத்தில் 20 நிமிடம், வேறு பிரிவுக்காரர் ஒருவரோடு பேச்சு. ஜோடி சேர்க்கச் செயலி எதுவும் வேண்டாம். பெயர்களைச் சீட்டில் எழுதி இரண்டு வரிசையாக எதிரெதிரே வையுங்கள். எதிரெதிர்ச் சீட்டுகள் ஒரு ஜோடி. அடுத்த சுற்றுக்கு, மேல் வரிசையின் இடது மூலைச் சீட்டை அசைக்காமல் மற்ற எல்லாச் சீட்டுகளையும் கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர்த்துங்கள். 24 பேர் என்றால் 23 சுற்றில் எல்லோரும் எல்லோரையும் ஒரு முறை சந்தித்துவிடுவார்கள், ஒரு ஜோடியும் திரும்ப வராது. ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒரு வெற்றுச் சீட்டைச் சேருங்கள். அது யாருக்கு வருகிறதோ அவர் வேறொரு ஜோடியோடு மூன்றாவது ஆளாகச் சேரலாம். மேலதிகாரியும் அவருக்குக் கீழே இருப்பவரும் ஜோடியாக வந்தால் அந்தச் சுற்றுக்கு மட்டும் பக்கத்து ஜோடியோடு மாற்றிவிடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் இருவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் இதில் வழக்கமான விபத்து. அதற்கு ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள்: ‘எங்கள் பிரிவு செய்யும் எந்த வேலை உங்களுக்குக் கஷ்டம் கொடுக்கிறது?’ குடும்பம், திருமணம், மதம் பற்றிய கேள்விகளை அட்டையில் எழுதவே எழுதாதீர்கள். விருப்பமில்லாதவர் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதை முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இதைவிட ஒரு படி மேலே போய், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. செலவே இல்லாதவற்றில் எதையாவது ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரண்டு மணி நேரம், இன்னொரு பிரிவில், அவர்கள் வேலை செய்வதை வெறுமனே பார்க்க வேண்டும். விதி ஒன்றுதான்: முதல் ஒன்றரை மணி நேரம் ஆலோசனை சொல்லக் கூடாது, சந்தேகம் மட்டும் கேட்கலாம். கடைசி அரை மணி நேரத்தில் பார்த்த மூன்று விஷயங்களைப் பகிர வேண்டும். விற்பனைப் பிரிவில் ஒருவர் ஆர்டர் படிவத்தில் ‘டெலிவரி நேரம்’ என்ற கட்டத்தை வழக்கமாகக் காலியாக விடுகிறார் என்று வையுங்கள். அவருக்கு அது ஒரு வெற்றுக் கட்டம். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அந்த ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் ஒருவர் போனை எடுத்து வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, அவர் எடுக்காமல், திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று. நூறு மெயில் அனுப்பியும் நிரம்பாத கட்டம் மறுநாளே நிரம்பும். ஒரு எச்சரிக்கை: சம்பளப் பட்டியல், மருத்துவ விடுப்பு, வாடிக்கையாளரின் வங்கி விவரம் போன்றவை திரையில் இருக்கும் இடங்களில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் எந்த நேரம் பாதுகாப்பானது என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கும் அமர்வுகள் பற்றிச் சுருக்கமாக. 20 நிமிடம் வைத்தால் போதும்: 8 நிமிடம் காட்டுவது, 12 நிமிடம் எல்லோரும் கையால் செய்து பார்ப்பது. ஸ்லைடு கூடாது என்று விதி வைத்தால் பேச முன்வருபவர் எண்ணிக்கை கூடும், ஏனென்றால் பலரைத் தடுப்பது ஸ்லைடு தயாரிக்கும் வேலைதான். எக்செல் குறுக்குவழிகள், நீண்ட மெயிலைச் சுருக்குவது, கோபமான வாடிக்கையாளரைச் சமாளிப்பது போன்றவற்றுக்குக் கூட்டம் வரும். ‘தலைமைப் பண்பு’ என்று வைத்தால் வராது.

விளையாட்டே வேண்டாமா என்றால், வேண்டும்; எப்போதாவது. தாள் கோபுரம் நல்ல விளையாட்டு. நால்வர் கொண்ட குழுவுக்கு 20 ஏ4 தாள், ஒரு மீட்டர் ஒட்டும் நாடா, ஒரு கத்தரிக்கோல், 18 நிமிடம். உச்சியில் ஒரு டென்னிஸ் பந்து 10 விநாடி நிற்க வேண்டும். பந்து இல்லாவிட்டால் கோபுரம் உயரமாகும், விளையாட்டு சப்பென்றாகிவிடும். கடைசி நிமிடத்தில் எடையை ஏற்றும்போது சரிவதில்தான் இருக்கிறது பாடம். முடிந்ததும் 5 நிமிடம், பந்தை முதன்முதலில் எத்தனையாவது நிமிடத்தில் வைத்துப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மின்விசிறியை அணைக்க மறக்காதீர்கள். ஓட வைப்பது, ஒருவரை ஒருவர் தொட வைப்பது, தோற்றவரை ஆட வைப்பது மூன்றும் வேண்டாம். மூட்டுவலி உள்ளவரும் கர்ப்பிணியும் எல்லோர் முன்னும் தங்கள் நிலையை விளக்க வேண்டிய கட்டாயத்தை அவை உண்டாக்கும். வீட்டிலிருந்து இணைபவர் ஒருவர் இருந்தாலும், அறையில் இருப்பவர்கள் எல்லோரும் அவரவர் லேப்டாப்பிலிருந்தே இணைய வேண்டும்; ஒரே கேமரா முன் பத்துப் பேர் சிரித்தால் வெளியில் இருப்பவருக்கு அது அடுத்த வீட்டுக் கல்யாணம்.

கருத்துக் கணிப்பு எடுக்கச் சொல்வார்கள். நான்கு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். பெயர் கேட்கவில்லை, ஆகவே அநாமதேயம் என்று நம்பிவிடாதீர்கள். 40 பேர் உள்ள இடத்தில் பிரிவு, பாலினம், எத்தனை வருட அனுபவம் என்ற மூன்றையும் கேட்டால் பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிடலாம். அது ஊழியர்களுக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றுக்கும் ‘நன்று’ என்று போடுவார்கள். ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவின் விடைகளைத் தனியாகக் காட்டாதீர்கள், பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். ஊழியர் ஈடுபாட்டை அளக்க உலகெங்கும் பயன்படும், கேலப் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் 12 கேள்விகளில் முதல் இரண்டும், என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியுமா, வேலைக்குத் தேவையான கருவிகள் இருக்கின்றனவா என்பவைதான். பரிசளிப்பு விழா எப்படி இருந்தது என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. முடிவை இரண்டு வாரத்துக்குள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், மோசமானதையும் சேர்த்து. சொல்லும் தைரியம் மேலிடத்துக்கு இல்லையென்றால் கணிப்பே எடுக்காமல் இருப்பது மேல்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வெற்றியின் அளவாகக் காட்டாதீர்கள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லோரும் கடனே என்று வந்து உட்காருவார்கள். கூப்பிடாமல் இரண்டாம் முறை வந்தவர்கள் எத்தனை பேர், பலகையில் பதில் கிடைத்தவை எத்தனை என்ற இரண்டையும் மட்டும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஆரம்பிக்கும்போதே முடியும் தேதி வையுங்கள், ஆறு வாரம் சரியாக இருக்கும். கேட்டால் நீட்டிக்கலாம், யாரும் கேட்காவிட்டால் சத்தமில்லாமல் முடிந்துவிடும், ‘அதுவும் ஊத்திக்கிச்சு’ என்ற பேச்சு வராது.

இதையெல்லாம் ஒருவரே செய்ய முடியாது. செய்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே ஆபீஸ் வெறுத்துவிடும். வெவ்வேறு பிரிவிலிருந்து நான்கு பேர், ஆளுக்கு நான்கு மாதம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதிப் பேர் மாற வேண்டும். எல்லோரையும் ஒரே நாளில் மாற்றினால் எந்த டிராயரில் என்ன இருக்கிறது என்பதுகூடப் புதிய குழுவுக்குத் தெரியாது. மாதம் இரண்டு மணி நேரம் இதற்கென அவர்களுடைய வேலைப் பட்டியலிலேயே எழுதப்பட வேண்டும். பொறுப்பை ஏற்கும் முன் மேலிடத்திடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: மாதத்துக்கு ஆளுக்கு எவ்வளவு வேலை நேரம் எடுக்கலாம், எவ்வளவு சில்லறைச் செலவுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை, தொல்லைப் பட்டியலுக்குப் பதில் சொல்லும் அதிகாரமுள்ள ஆள் யார். மூன்றாவது கேள்விக்குப் பெயர் வராவிட்டால் பொறுப்பை ஏற்காமல் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக, ஆள்குறைப்பு, சம்பளத் தாமதம் போன்ற கெட்ட செய்தி வரும் வாரம். அந்த வாரத்தில் ‘மனசு லேசாக ஏதாவது விளையாட்டு வையுங்களேன்’ என்று கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். இதுவரை சேர்த்த நம்பிக்கை அத்தனையும் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். அதற்குப் பதில் முப்பது நிமிடக் கேள்வி நேரம் கேட்டு வாங்குங்கள். கேள்விகளை முந்தின நாளே பெயரில்லாத சீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவர் முன்னால் உட்கார வேண்டும்; சீட்டுகளை வேறொருவர், ஒரு வார்த்தையும் மாற்றாமல், வந்த வரிசையிலேயே வாசிக்க வேண்டும். பதில் தெரியாத கேள்விக்கு எந்தத் தேதிக்குள் சொல்வோம் என்று அவர் சொல்ல வேண்டும். அந்தத் தேதியை அங்கேயே பலகையில் எழுதிவிடுங்கள்.